இவன் ஏன் இவ்வளவு கீழே வந்தான்?

ஜூலையில் பேஸ்பால் டிராஃப்டின் இரண்டாம் நாள் மதியம் என்னிடம் எந்த வேலையும் உருப்படியாக நடக்காது. டிராஃப்ட் என்றால், அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக் அணிகள் பள்ளி, கல்லூரிப் பையன்களை முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது. முதல் நாள் ராத்திரி சூட் போட்ட பையன்கள் மேடையேறித் தொப்பி மாட்டிக்கொள்வதை எல்லோரும் பார்ப்பார்கள், எனக்கு அது அவ்வளவாக ருசிப்பதில்லை. மறுநாள் பத்து ரவுண்ட் தாண்டியதும் மேடை கிடையாது, பேச்சு கிடையாது. பெயர், வலக்கையா இடக்கையா, எந்தக் கல்லூரி என்று மட்டும், வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற வேகத்தில் வாசித்துக்கொண்டே போவார்கள். அந்த நேரத்தில்தான் நான் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வேன்.

வட கரோலினாவுக்குக் குடிவந்த பிறகு பிடித்த பைத்தியம் இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லூரி மேட்ச் ஒன்றுக்குச் சும்மா பொழுதுபோகட்டும் என்று போனேன். பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நாலு வரிசை முழுக்க போலோ சட்டை போட்ட நடுவயதுக்காரர்கள், ஒவ்வொருவர் கையிலும் பந்தின் வேகத்தை அளக்கிற ஒரு ரேடார் கன். பந்து வீசுகிற பிட்சர் காலைத் தூக்கியதும் அத்தனை கன்னும் ஒன்றாக மேலே போகும், பந்து கிளவுஸில் விழுந்ததும் ஒன்றாக இறங்கும். கொக்குக் கூட்டம் தலையை நீட்டி மடக்குவது போல. அவர்கள்தான் அணிகளுக்காக ஆள் தேடுகிற ஸ்கவுட்டுகள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நேர் பின்வரிசையில் டிக்கெட் வாங்கினேன், கன்னில் வரும் நம்பர் தெரியும் என்பதற்காக.

டிராஃப்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. இப்போது 20 ரவுண்ட், 30 அணிகள், மொத்தம் 600-க்கு மேல் பெயர்கள். 2019 வரை 40 ரவுண்ட் இருந்தது, 2012-க்கு முன்னால் 50. கொரோனா வந்த 2020-ல் ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள். சிகாகோ ஒயிட் சாக்ஸுக்காக 2009-ல் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரையும் பேஸ் ஏறவிடாத ஆட்டம்) போட்ட மார்க் பர்லி, இரண்டு வருடக் கல்லூரி ஒன்றிலிருந்து 1998-ல் 38-வது ரவுண்டில் எடுக்கப்பட்டவர். அப்படி ஒரு ரவுண்டே இன்று கிடையாது. அவர் இப்போது வந்திருந்தால் யாராவது போன் செய்து கூப்பிட்டால்தான் உண்டு. நாலு வருடக் கல்லூரியில் படிக்கிற பையன் மூன்றாம் வருடம் முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 21 வயது ஆகியிருக்க வேண்டும், அப்போதுதான் டிராஃப்டுக்குத் தகுதி. அதனால் கல்லூரி பிட்சர் என்றாலே அவன் மூன்று வருடம் எல்லோர் கண்ணிலும் பட்டவன். ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. அத்தனை பேர் அத்தனை நாள் பார்த்தும் ஒருவன் 14-வது ரவுண்ட் வரை காத்திருக்கிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் என் பொழுதுபோக்கு. பையன் எவ்வளவு நல்ல பிட்சர் என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். ஏன் இவ்வளவு கீழே வந்தான், அந்தக் காரணம் சரிசெய்யக் கூடியதா, இந்த இரண்டு மட்டும்தான் பார்க்கிறேன்.

இந்தத் தெளிவு சும்மா வரவில்லை. ஆரம்பத்தில் நான் ஈஆர்ஏ பார்த்துப் பட்டியல் போட்டவன். ஈஆர்ஏ என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தான் என்கிற கணக்கு, கிரிக்கெட் பந்துவீச்சு சராசரிக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு சின்னக் கல்லூரியில் வெள்ளிக்கிழமை ஸ்டார்ட்டர் ஒருவன் இருந்தான். கல்லூரி லீக்கில் வெள்ளிக்கிழமை இறங்குகிறவன்தான் அந்த அணியின் முதல் பிட்சர். ஈஆர்ஏ இரண்டுக்குக் கீழே, பார்க்க அழகான பந்துவீச்சு, மூலையில் கொண்டுபோய் வைப்பான். 18-வது ரவுண்டில் அவன் பெயர் வந்ததும் வீட்டில் கைதட்டினேன். எல்லா ஸ்கவுட்டும் கோட்டை விட்டார்கள், நான் ஒருவன்தான் கண்டுபிடித்தேன் என்று நண்பர்களிடம் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அவனை விடுவித்துவிட்டார்கள். ஃபாஸ்ட்பால் 88 மைல். கல்லூரியில் ஏமாந்த பேட்டர்கள் செய்த தப்பை மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் ஹை-ஏ மட்டத்திலிருந்த பேட்டர்கள் செய்யவில்லை, அவ்வளவுதான் கதை. ஸ்கவுட்டுகளுக்கு அது முதலிலேயே தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

அதற்கு நேர் எதிரான பாடத்தை பிரையன் வூ கற்றுக்கொடுத்தார். கால் பாலி கல்லூரியில் மூன்று வருடம், மொத்த ஈஆர்ஏ 6-க்கு மேல். 2021 டிராஃப்டுக்குக் கொஞ்சம் முன்னால் முழங்கையில் டாமி ஜான் சர்ஜரி வேறு, கிழிந்த தசைநாருக்குப் பதில் வேறொன்றை வைத்துக் கட்டுகிற ஆபரேஷன். காகிதத்தில் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். சியாட்டில் மெரினர்ஸ் ஆறாவது ரவுண்டில் எடுத்தது, நான் சிரித்தேன். 2023-ல் மேஜர் லீகுக்கு வந்துவிட்டார், 2025-ல் ஆல்-ஸ்டார். அந்த ஈஆர்ஏ அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். கல்லூரி ஈஆர்ஏவில் பின்னால் நிற்கிற ஃபீல்டர்களின் கை இருக்கிறது, உலோக மட்டை இருக்கிறது, அந்த மைதானத்துக் காற்று இருக்கிறது, மாற்று பிட்சர் வந்து விட்டுக்கொடுத்த ரன்னும் இவன் கணக்கில் ஏறியிருக்கிறது. வூவின் கையில் இருந்தது ஒரு ஃபாஸ்ட்பால். தாழ்வான இடத்திலிருந்து கிளம்பி, பேட்டர் எதிர்பார்க்கும் அளவுக்குக் கீழே இறங்காமல், தட்டையாக வருகிற பந்து. பேட்டர் அதற்கு அடியில் மட்டையை வீசிவிட்டு முழிப்பார்.

இந்தத் தட்டைப் பந்து சமாசாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசி ரவுண்டுகளில் புதையல் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். எந்தப் பந்தும் புவியீர்ப்பில் இறங்கத்தான் செய்யும். பின்சுழற்சி நன்றாக இருந்தால் குறைவாக இறங்கும். பேட்டரின் மூளை ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பழகி, இந்த வேகத்துக்கு இவ்வளவு இறங்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைவிட இரண்டு மூன்று அங்குலம் மேலே வந்தால் பந்து எழும்புவது போல் தோன்றும். இதோடு பிட்சர் பந்தை விடுகிற இடம் தாழ்வாக இருந்தால் தட்டைத்தனம் இன்னும் கூடும். ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் ஆறடி உயரம், பிட்சர்களில் அது குள்ளம். க்ளெம்சன் கல்லூரியில் 2019 முழுக்க டாமி ஜான் சர்ஜரியில் போயிற்று, 2020 சீசனைக் கொரோனா பாதியில் மூடிவிட்டது. அந்த வருட ஐந்து ரவுண்டில் நாலாவதில், மொத்தம் 160 பேரில் 126-வது ஆளாக அட்லாண்டா பிரேவ்ஸ் எடுத்தது. 2023-ல் 281 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்கியது அத்தனை தடவை. உயரம் குறைவு என்று ஒதுக்கியவர்கள் அந்த உயரம்தான் பந்தைத் தட்டையாக்குகிறது என்று பிறகு புரிந்துகொண்டார்கள்.

இப்போது டிராக்மேன் ரேடார் பல கல்லூரி மைதானங்களில் மாட்டியிருக்கிறது. சுழற்சி எத்தனை, பந்து எவ்வளவு நகர்ந்தது, பிட்சர் நிற்கிற மேடான மவுண்டிலிருந்து எத்தனை அடி முன்னால் வந்து கையை விட்டான் என்பதெல்லாம் அணிகளின் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறது. அப்படியானால் ஸ்கவுட் எதற்கு என்று கேட்கலாம். நானும் ஒருவரிடம் கேட்டேன், மழைக்காக ஆட்டம் நின்றிருந்த ஒரு மாலையில். அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, பந்து போடாத நேரத்தில் பையனைப் பாருங்கள் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பார்க்கிறேன். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கிற ஃபீல்டர்) தப்பு செய்ததும் தலையைத் தொங்கப்போடுகிறானா, ரன்னர் இரண்டாவது பேஸில் நிற்கும்போது வேகம் குறைகிறதா, ஐந்தாவது இன்னிங்ஸில் தோள் தாழ்ந்து முழங்கை கீழே வருகிறதா, உட்கார்ந்திருக்கும்போது முன்கையைப் பிசைந்துகொண்டே இருக்கிறானா. கடைசியாகச் சொன்னதைக் கண்டால் என் நோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன்.

சரி, ரவுண்ட் நம்பர் பற்றி. அது பொய் சொல்லும். முதல் பத்து ரவுண்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கிறது, எல்லாவற்றையும் கூட்டினால் அதுதான் அந்த அணியின் பட்ஜெட். ஒருவனுக்குக் குறைவாகக் கொடுத்து மிச்சத்தை இன்னொருவனுக்குக் கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் எடுத்த பையன் கையெழுத்துப் போடாமல் போய்விட்டால் அந்த இடத்துப் பணமும் பட்ஜெட்டிலிருந்து போய்விடும். அதனால் அணிகள் என்ன செய்கின்றன என்றால், எட்டு, ஒன்பது, பத்தாவது ரவுண்டுகளில் நாலாம் வருடம் முடித்த பையன்களைத் தேடிப் பிடிக்கின்றன. அவர்களுக்குத் திரும்பிப் போகக் கல்லூரி இல்லை, பேரம் பேச முடியாது, சில ஆயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போடுவார்கள். மிச்சமாகும் லட்சக்கணக்கான டாலர் மேலே எடுத்த பள்ளிக்கூடப் பையனுக்குப் போகும். பதினோராவது ரவுண்டிலிருந்து வேறு விதி. 2023-லிருந்து 1,50,000 டாலர் வரை கொடுத்தால் பட்ஜெட்டில் சேராது, அதற்கு மேலே கொடுக்கிற தொகை மட்டும்தான் சேரும். ஆக, பத்தாவது ரவுண்டில் வந்தவனைவிடப் பன்னிரண்டாவதில் வந்தவன் அணிக்கு முக்கியமானவனாக இருப்பது சர்வசாதாரணம். ரவுண்டைப் பார்க்காதீர்கள், கையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மூன்று ஒன்பதாவது ரவுண்டுக்காரர்கள். டோனி கான்சலின், செயின்ட் மேரிஸ் கல்லூரி, 2016, நாலாம் வருட மாணவர். பிட்சிங்கும் போடுவார், அவுட்ஃபீல்டும் நிற்பார். டாட்ஜர்ஸ் கொடுத்தது 2,500 டாலர். தாரிக் ஸ்கூபல், சியாட்டில் யூனிவர்சிட்டி, 2018, டெட்ராய்ட் டைகர்ஸ் கொடுத்தது 3,50,000 டாலர். இரண்டும் அதே ஒன்பதாவது ரவுண்ட்தான். கான்சலினை எடுத்ததில் பணம் மிச்சம், ஸ்கூபலை எடுத்ததில் பணம் செலவு. கான்சலின் 2022-ல் 16 வெற்றி 1 தோல்வி என்று ஒரு சீசன் ஆடியது டாட்ஜர்ஸே எதிர்பார்க்காத லாபமாக இருந்திருக்கும், இது என் ஊகம். ஸ்கூபல் கதை வேறு. அவர் முழங்கை ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்த வருடம் அது, ஸ்ட்ரைக்அவுட் எக்கச்சக்கம், நாலு பந்தை வெளியே போட்டு பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புகிற ‘வாக்’கும் எக்கச்சக்கம். முந்தின வருடம் அரிசோனா 29-வது ரவுண்டில் கூப்பிட்டபோது மாட்டேன் என்று கல்லூரிக்கே திரும்பியவர். டெட்ராய்ட் என்ன யோசித்திருக்கும்? இடக்கை, வேகம் இருக்கிறது, கன்ட்ரோல் போனதற்குக் காரணம் ஆபரேஷன், அது நாளாக நாளாகத் திரும்பும். திரும்பியது. 2024-லும் 2025-லும் அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

மூன்றாவது ஆள் ஜேக்கப் டிகிராம். 2010, ஸ்டெட்சன் யூனிவர்சிட்டி, 272-வது தேர்வு, மெட்ஸ் கொடுத்தது 95,000 டாலர். அவர் பிட்சரே இல்லை, ஷார்ட்ஸ்டாப். மூன்றாம் வருடத்தில்தான் மவுண்டில் ஏற்றினார்கள். கீழே வந்ததற்குக் காரணம் பார்த்த இன்னிங்ஸ் போதாது, அவ்வளவே. அந்தக் கையில் தேய்மானம் குறைவு, ஷார்ட்ஸ்டாப்பின் உடல்வாகு இருக்கிறது, இதெல்லாம் உள்ளூர் ஸ்கவுட் நேரில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் தெரியும். கல்லூரியில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் யாருடைய பந்தில் தெரியுமா? கிறிஸ் சேல். அதே டிராஃப்டில் 13-வதாகப் போன கிறிஸ் சேல்! இதை யாரிடமாவது சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவதில்லை, மன்னிக்கவும். டிராஃப்ட் முடிந்த சில மாதத்திலேயே டிகிராமுக்கும் டாமி ஜான் சர்ஜரி, 2014-ல் மேஜர் லீக், 2018-ல் 1.70 ஈஆர்ஏ, அந்த வருடமும் அடுத்த வருடமும் சை யங்.

மேலே சொன்ன பெயர்களில் எத்தனை பேருக்கு முழங்கை ஆபரேஷன் என்று எண்ணிப் பார்த்தீர்களா? காயம்தான் நல்ல பிட்சரைக் கீழே தள்ளுகிற முதல் காரணம், சரிசெய்யக் கூடிய காரணங்களில் பெரியதும் அதுதான். அதற்காக ஆபரேஷன் ஆனவனையெல்லாம் பிடித்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. தோள் வேறு, முழங்கை வேறு. தோளில் கத்தி வைத்தவனை நான் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. இது கொஞ்சம் மூர்க்கமான விதி என்று தெரியும், ஆனாலும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் எந்த அணி எடுத்தது என்பது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. அதே பையன் ஓர் அணிக்குப் போனால் மூன்று வருடத்தில் காணாமல் போவான், இன்னோர் அணிக்குப் போனால் மேலே வருவான். க்ளீவ்லாண்ட் இதில் கெட்டிக்காரக் கூட்டம். ஸ்ட்ரைக் போடத் தெரிந்த, வேகம் மட்டும் குறைவாக உள்ள கல்லூரிப் பையன்களாகப் பார்த்து எடுப்பார்கள், பிறகு வேகத்தை இவர்கள் ஏற்றிக்கொடுப்பார்கள். ஷேன் பீபர் 2016-ல் நாலாவது ரவுண்ட், 2020-ல் சை யங். அதே 2016-ல் பன்னிரண்டாவது ரவுண்டில் ஸாக் பிளீசாக், பால் ஸ்டேட் கல்லூரி, அப்போதுதான் முழங்கை ஆபரேஷன் ஆகியிருந்தவர். 2021-ல் ஐந்தாவது ரவுண்டில் டானர் பைபி, இரண்டே வருடத்தில் மேஜர் லீகில் ஸ்டார்ட்டர். வேகத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது, கன்ட்ரோலைக் கற்றுக்கொடுக்கலாம் என்றுதான் பழைய ஸ்கவுட்டுகள் நம்பினார்கள். இந்தக் கூட்டம் அதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. ஏஞ்சல்ஸ் அணி 2021-ல் இருபது ரவுண்டிலும் பிட்சராகவே எடுத்ததும் நினைவுக்கு வருகிறது. இருபது பேரையும் வாங்கலாம், வாங்கிக்கொண்டுபோய் என்ன கற்றுக்கொடுக்கிறாய் என்பதுதான் கேள்வி.

வேகமே இல்லாமல் பிழைத்தவர்களும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கைல் ஹெண்ட்ரிக்ஸ், டார்ட்மத் கல்லூரி, 2011-ல் எட்டாவது ரவுண்ட், ஃபாஸ்ட்பால் 90-ஐத் தொடுவதே அபூர்வம், 2016 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் கப்ஸ் அணிக்காகத் தொடங்கியவர். பிரென்ட் சூட்டர், ஹார்வர்ட், 2012-ல் 31-வது ரவுண்ட், அவர் பந்தும் மெதுவாகத்தான் வரும். டைலர் ராஜர்ஸ், பத்தாவது ரவுண்ட், கை தரையைத் துடைக்கிற மாதிரி அடியிலிருந்து வீசுவார். ஆனால் கவனியுங்கள், இவர்கள் ஒவ்வொருவரிடமும் வேறு எவனிடமும் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. என்னுடைய 18-வது ரவுண்டுப் பையனிடம் அது இல்லை. அவன் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் நன்றாகச் செய்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்படிக் கீழே எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக் மைதானத்தை டிவியில்தான் பார்ப்பார்கள். 2023 ஒப்பந்தத்தில் மைனர் லீகின் கீழ்மட்டமான லோ-ஏவில் வருடத்துக்குக் குறைந்தபட்சம் 26,200 டாலர் சம்பளம் என்று வைத்தார்கள், இரண்டு படி ஏறி டபுள்-ஏ வந்தால் 30,250. முன்னைக்கு இது எவ்வளவோ தேவலை, ஆனாலும் 22 வயதில் பட்டம் வாங்கிய பையனுக்கு வேறு இடத்தில் இதைவிட அதிகம் கிடைக்கும். மைனர் லீக் அணிகளையும் 2021-ல் 160-லிருந்து 120 ஆகக் குறைத்துவிட்டார்கள், அதனால் காத்திருந்து பார்ப்போம் என்கிற பொறுமை யாருக்கும் இல்லை. மறுபுறம் கல்லூரியிலேயே இப்போது விளம்பரப் பணம், கல்லூரி வருமானத்தில் பங்கு என்று வருகிறது. பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்கு மாறவும் தடையில்லை. 17-வது ரவுண்டில் பெயர் வாசிக்கப்பட்ட மூன்றாம் வருடப் பையன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது இன்று ரொம்பச் சாதாரணம். இன்னும் விசித்திரம், இருபது ரவுண்டிலும் எடுக்கப்படாதவனுக்கு அதே 1,50,000 வரம்பு உண்டு, கூடவே எந்த அணி என்று அவனே தேர்ந்தெடுக்கலாம். 20-வது ரவுண்டைவிட 21-வது ரவுண்ட் மேல், அப்படி ஒன்று இல்லாவிட்டாலும்.

போன வருடம் செவ்வாய்க்கிழமை ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வாரநடுவில் முக்கியமான பிட்சர்களை இறக்கமாட்டார்கள், ஸ்கவுட்டுகளும் இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். அவர்களும் ஆறாவது இன்னிங்ஸில் கிளம்பிவிட்டார்கள். எட்டாவதில் ஓர் இடக்கைப் பையன் வந்தான், அந்த சீசனில் அதுவரை பன்னிரண்டு இன்னிங்ஸ்கூடப் போடாதவன். முதல் பேட்டருக்கு நாலு பந்தும் வெளியே, ஒன்று பின்பக்க வலையில் போய் முட்டியது. அடுத்த மூன்று பேரும் மட்டையைத் தொடவிடாமல் அவுட், மூவரும் ஒரே மாதிரி, உயரே வந்த ஃபாஸ்ட்பாலுக்கு அடியில் வீசிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் கன் இல்லை, வேகம் தெரியவில்லை. நம்பரை நோட்டில் எழுதி, சுற்றிலும் பார்த்தேன், எழுதிக்கொண்டிருந்தவன் நான் மட்டும்தான்.

ஜூலையில் 17-வது ரவுண்டில் அவன் பெயரை வாசித்தார்கள். ஆக யாரோ ஒருவர் வேறு ஏதோ செவ்வாய்க்கிழமை எட்டாவது இன்னிங்ஸ் வரை உட்கார்ந்திருக்கிறார். அவன் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு கல்லூரிக்கு மாறிவிட்டான், அங்கே ஸ்டார்ட்டராக ஆக்குகிறார்களாம். என் வீட்டிலிருந்து காரில் நாலரை மணி நேரம். பிப்ரவரியில் சீசன் ஆரம்பிக்கிறது, இரண்டாவது வார இறுதிக்கு லீவு சொல்லிவைத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.